புகை வராத அடுப்பு

“…அதெல்லாம் சரி தம்பி, இதுல கொஞ்சங்கூடவா புகை வராது? லேசாக்கூட?”

அத்தை இப்படிக் கேட்டதும் அந்தச் சின்ன சமையல்கட்டில் நெருக்கியடித்து நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். எதற்கென்று தெரியாமலே பெரியவர்களோடு சேர்ந்து சிரிக்கிற வயது எனக்கு.

கொத்தனார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, கல்வராயன் மலையையே தான்தான் கட்டியவர்போல், “வராதும்மா. நீங்க வேண்டிக்கினாலும் வராது” என்றார்.

அத்தை என்பது அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரு படல்தான். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபிறகு ஒற்றை ஆளாக ஏர் பிடிக்க ஆள் வைத்து, ஒரே மகனைப் படிக்கவைத்தவள். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. ஆனால் அடுப்படியிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் கண் இரண்டும் மிளகாய்ப்பழமாய்ச் சிவந்திருக்கும். “பாழாப்போன புகை” என்று முந்தானையால் துடைத்துக்கொள்வாள். அப்புறம் இருமுவாள். காலையில் எங்கள் தெருவுக்குச் சேவல் வேண்டாம், அத்தையின் இருமல் போதும்.

அத்தை மகனை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் டைப்ரைட்டிங் எல்லாம் பாஸ் பண்ணிவிட்டு, வேலை வருமென்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை வரவில்லை. ஒருநாள் ஒரு விண்ணப்ப பாரத்தை மட்டும் கொண்டுவந்தார். சாணி கேஸ் கட்டுவதற்கு சென்ட்ரல் கவர்மென்டில் உதவி கொடுக்கிறார்களாம்.

“எம்மா, நீ இருமுறத கேட்டுக்கினேதான் நான் படிச்சேன். எனக்கு வேலைதான் வரல, உனக்கு நல்ல நெருப்பாவது வரட்டும்” என்றார்.

“சாணியில சோறாக்கணுமா? போடா போக்கத்தவனே” என்றாள் அத்தை. ஆனாலும் கைநாட்டு வைத்தாள்.

அந்தக் காலத்தில் எதைக் கேட்டாலும் “டெல்லியிலேருந்து வந்துது” என்பார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கரும்பலகையும் ஓர் உலக உருண்டையும் வந்தன. காலனியில் செங்கல் வீடுகள் எழும்பின. மலையிலிருந்து வாலிபர்களை அழைத்துவந்து கொத்து வேலை கற்றுக்கொடுத்தார்கள். எல்லாம் டெல்லி. எனக்கு டெல்லி என்றால் பெட்டி பெட்டியாகச் சாமான் அனுப்பிவிட்டு, எந்தக் கல்யாணத்துக்கும் தலைகாட்டாத ஒரு பெரியப்பா. என்றைக்காவது வண்டி கட்டிக்கொண்டு வருவார், என்னைத் தூக்கி முத்தம் கொடுப்பார், மீசை குத்தும் என்றுகூட நினைத்து வைத்திருந்தேன்.

ஆடியில் குழி தோண்டினார்கள். கட்டவந்தவர் மலைக்காரர், அப்படிப் பயிற்சி எடுத்தவர்களில் ஒருவர். மாமா வயதுதான் இருக்கும். குழிக்குள் இறங்கி, செங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்துச் சாய்த்து, கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு கூரை எழுப்பினார். மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. “இவனுக்கெல்லாம் கோட்டா இருக்குது, டிரெயினிங் இருக்குது. நம்மள யாரு கேக்கறாங்க?” என்றார்.

கொத்தனார் நிமிர்ந்து பார்த்து, “இருக்குதுங்க. இப்ப அந்தக் கோட்டாவுலதான் நின்னுக்கினு இருக்கறேன். எறங்கி வாங்களேன், எடம் நெறைய இருக்குது” என்றார். மாமாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

முதல் தடவை குழியை நிரப்ப வண்டி வண்டியாகச் சாணி வேண்டும். அத்தையின் இரண்டு மாடு எந்த மூலைக்கு? தெருவே கூடையோடு வந்தது. நாங்கள் பிள்ளைகளெல்லாம் முழங்கால்வரை இறங்கி மிதித்துக் கரைத்தோம். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ஒரு கூடைகூட வரவில்லை. வெள்ளிக்கிழமை சாணியை வெளியே கொடுத்தால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாளாம். “டெல்லி கொடுத்தாலும் லட்சுமிகிட்ட லீவு வாங்கணுமே” என்று மாமா கரையில் உட்கார்ந்துவிட்டார். சனிக்கிழமை நிரம்பியது. பிறகு மூடிவைத்துவிட்டு, சின்னசேலத்திலிருந்து அடுப்பும் குழாயும் வரக் காத்திருந்தோம். மத்தியானங்களில் நான் அந்த மேட்டில் காதை வைத்துக் கேட்பேன். உள்ளே யாரோ தூக்கத்தில் பேசுவதுபோல மெல்லக் குமிழி உடையும்.

அப்போதுதான் போராட்டம் வந்தது. படிப்பிலும் வேலையிலும் எங்கள் சனத்துக்குத் தனிப் பங்கு வேண்டுமென்று ஊர் ஊராக ஆண்கள் சாலையில் இறங்கினார்கள். வண்டி எதுவும் ஓடாமலிருக்க மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். வடக்கனந்தல் போகிற சாலை வளைவில் ஒரு கிழட்டுப் புளியமரம். அதை வெட்டிய கோடாலிகளில் ஒன்று மாமாவுடையது.

மரம் விழுந்த கொஞ்ச நேரத்தில் சின்னசேலத்திலிருந்து ஒரு லாரி வந்து நின்றதாம். டிரைவர் கையைக் காட்டினாராம். மாமாவும் மரத்தின்மேல் நின்றபடி, திரும்பிப் போ என்று கையைக் காட்டினாராம். லாரி திரும்பிப் போனது. அதில்தான் அவர் அம்மாவுடைய அடுப்பு இருந்தது என்பது அவருக்குத் தெரியாது.

சாயங்காலம் போலீஸ் வேன் வந்தது. மாமாவையும் இன்னும் சிலரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கடலூர் ஜெயில் என்றார்கள், இல்லை வேலூர் என்றார்கள். போய்ப் பார்க்கலாமென்றால் பஸ் இல்லை. பஸ்ஸை நிறுத்தியது நாங்கள்தானே.

அத்தை அழவில்லை. “பெத்த வயிறா அது? ஒரு சொட்டு வுடல பாரு” என்று தெருக்குழாயில் பேசிக்கொண்டார்கள். அத்தை எப்போதும்போல அடுப்படிக்குள் போனாள். எப்போதும்போலக் கண் சிவந்து வந்தாள். அந்த வாரம் விறகு ஈரம் ஜாஸ்தி போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரத்தை நான் கனவாகக் கண்டேனோ என்று இப்போதும் சந்தேகம் வரும். ஹார்ன் சத்தமே இல்லாத சாலை, தண்ணீர் வற்றிய ஆறு மாதிரி கிடந்தது. நடுச்சாலையில் ஆடு படுத்து அசைபோட்டது. நாங்கள் விழுந்த புளியமரத்தின் உச்சிக்குள் நடந்துபோய், காக்கை மட்டுமே உட்கார்ந்திருந்த கிளையில் உட்கார்ந்து கொழுந்து தின்றோம். அங்கிருந்து பார்த்தால் கல்வராயன் மலை நீலமாக, கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது. ஊரார் கிளைகளை விறகுக்கு இழுத்துப் போனார்கள். அத்தையும் ஒரு கிளை கொண்டுவந்தாள். எரிக்கவில்லை. இலை வாடித் தொங்க, அதைத் தோட்டத்துச் சுவரில் சாய்த்துவைத்தாள். யாரையும் தொடவிடவில்லை.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, கொத்தனார் தலையில் அடுப்பும் கழுத்தில் சுருட்டிய குழாயுமாக வந்து வாசலில் நின்றார். சின்னசேலத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார்.

“எத்தினி மரம் தாண்டி வந்த?” என்றார் அப்பா.

“எண்ணலீங்க. கடைசி மரத்துலதான் கொஞ்சம் ஒக்காந்தேன். உங்க ஊரு மரம். நல்லா வெட்டியிருந்துது.”

அப்பா வாசலை விட்டு ஒதுங்கி நின்றார். பிறகு, “உள்ள வாங்க” என்றார். அப்பா அவரை ‘வாங்க’ என்றது அதுதான் முதல் தடவை.

குழாய் பொருத்தினார்கள். தெருவே உள்ளே வந்துவிட்டது. கொத்தனார் குமிழைத் திருகி, குச்சியைக் கிழித்து நீட்டினார். பொசுக்கென்று ஒரு சத்தம். அடுப்பைச் சுற்றி நீலமாக ஒரு வளையம் நின்றது. தூரத்து மலையிலிருந்து கொஞ்சம் கிள்ளிக்கொண்டுவந்து வைத்த மாதிரி.

“இனிமே நீ இருமவே வேணாங்க்கா” என்றார் அப்பா.

“உம் புள்ள வந்து பாத்தா அசந்துபூடுவான்” என்றார் யாரோ.

அப்போதுதான் அத்தை அந்தக் கேள்வியைக் கேட்டாள், கொத்தனார் பதில் சொன்னார், எல்லாரும் சிரித்தோம். பால் பொங்கியது. எங்களுக்கெல்லாம் உள்ளங்கையில் சர்க்கரை.

அத்தை மட்டும் சர்க்கரை டப்பாவை அம்மா கையில் கொடுத்துவிட்டு மெல்லப் பின்பக்கம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். சுவரில் சாய்த்திருந்த புளியங்கிளையை எடுத்துக் காலை வைத்து ஒடித்தாள். தோட்டத்தில் நெல் அவிக்கிற மூன்று கல்லுக்கு நடுவே செருகி, ஓலையைப் போட்டுக் கொளுத்தினாள். பச்சைக் கட்டை எங்கே எரியும்? புகைந்தது.

“அத்தை, அதான் உள்ள கேஸ் இருக்குதே!”

“தள்ளிப் போ பாப்பா, கண்ணு எரியும்.”

அத்தைக்கு அந்த நீல நெருப்பின்மேல் நம்பிக்கை இல்லை, இவ்வளவு பாடுபட்டதும் வீண் என்று எனக்குக் கோபமாக வந்தது. உள்ளே ஓடிப்போய் எல்லாரிடமும் சொன்னேன். எல்லாரும் மறுபடியும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. திரும்பிவந்து பார்த்தபோது புகை ஆளுயரத்துக்கு எழுந்திருந்தது. அத்தை ஊதுகுழலைக் கீழே வைத்தாள். மூன்று கல்லுக்கும் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முகத்தை அந்தப் புகைக்குள் நீட்டிக்கொண்டாள்.