குறைய வேண்டியது குறைந்தது

அமரவிளைப் பாலத்தைத் தாண்டும்போதும் அண்ணன் வீட்டு மாட்டிறைச்சி வயிற்றில் செரிக்காமல் கிடந்தது. பையில் ஒரு கைலி, ஒரு சட்டை, மாத்திரை டப்பா. பாறசாலைக்குக் கிழக்கே அப்பா விட்டுப்போன பத்து சென்ட் மண்ணிலிருந்து மத்தியானம் கிளம்பியவன், பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்துகொண்டிருந்தேன்.

அந்த மண்ணில் பாதி என்னுடையது. அது அண்ணனுக்கு எப்போது கிடைக்கும் என்பது என் இரத்தத்தைப் பொறுத்தது. இது எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான்.

ஊர் ஊராகச் சுற்றி, எச்.ஐ.வி.யோடு திரும்பி வந்தவன் நான். திருவனந்தபுரம் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். அங்கே ஒரு எண்ணிக்கை சொல்வார்கள், நோயை எதிர்க்கும் அணுக்கள் உடம்பில் எத்தனை என்று. அது கூடிக்கொண்டே போக வேண்டும். கூடிச்சா, கொறஞ்சுதா என்று அண்ணன் ஒவ்வொரு தடவையும் வாசலிலேயே கேட்பான். அக்கறை என்று நினைத்தேன். கூடியது என்றால் அன்று மதினி பழங்கஞ்சியைப் பின்பக்கச் சாய்ப்பில் வைத்துவிட்டுப் போவாள். ஒருமுறை சளிக்காய்ச்சலோடு இரத்தம் கொடுத்தேன். எண்ணிக்கை இறங்கியது. அன்று மீன்குழம்பு, வீட்டுக்குள்ளே இடம். காய்ச்சலில் இறங்கும், பிறகு ஏறும், ஒரு தாளை மட்டும் பார்த்துப் பயப்படக் கூடாது, நாலைந்து தடவை எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும் என்று அங்கே ஆலோசனை சொல்லும் பெண் மலையாளத்தில் விளக்கினாள். வீட்டில் அதைச் சொல்லவில்லை. மீன் நன்றாக இருந்தது.

இந்தத் தடவை இன்னொரு பரிசோதனை. இரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று பார்ப்பது. இது குறைய வேண்டும். மெஷினுக்குத் தட்டுப்படாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்றாள் அந்தப் பெண். போய்விட்டதா என்று கேட்டேன். போகவில்லை, உள்ளே பதுங்கியிருக்கிறது, மாத்திரையை விட்டால் திரும்ப ஏறும் என்றாள். ஒன்று ஏற வேண்டும், மற்றது இறங்க வேண்டும் என்பது, ஒன்பதாம் கிளாஸோடு நின்ற மண்டையில் ஏறுவதற்குள் பஸ் பாலராமபுரம் தாண்டிவிட்டது.

வாசலில் அண்ணன் கேட்டான். சந்தோஷத்தில் பாதிதான் சொன்னேன்.

"நல்லா கொறஞ்சுபோச்சுண்ணே. மெஷின்ல காணவே இல்லியாம்."

அண்ணன் என் தோளில் கைவைத்தான். நோய் வந்தபிறகு முதல்முறை. மறுநாள் ஞாயிறு. சபை முடிந்து வரும்போது இறைச்சி வாங்கிவந்தான். நாளைக்குப் பத்திரம் எழுதுகிறவரை வீட்டுக்கே கூட்டிவருகிறேன், உனக்கு அலைச்சல் வேண்டாம், ஒரு கையெழுத்துப் போதும் என்றான். தலையாட்டினேன். இத்தனை பிரியத்துக்கு அஞ்சு சென்ட் பெரிதா என்றுகூடத் தோன்றியது.

சாப்பிடும் முன் ஜெபித்தான். உணவுக்கு நன்றி சொன்னான். பிறகு அதே குரலில், "ஆண்டவரே, தம்பியை வேதனைப்படுத்தாமல் சீக்கிரம் எடுத்துக்கொள்ளும்" என்றான். மதினி ஆமென் சொன்னாள்.

நான் முதலில் சாப்பிட்டேன். தட்டு காலியான பிறகுதான், குறைந்தது கிருமி, மற்ற எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது என்று சொன்னேன்.

அண்ணன் எச்சில் கையோடு எழுந்தான். "அப்பம் ஒனக்கு ஒண்ணும் ஆவாதாக்கும்."

"மருந்த விடாம தின்னா எல்லாரையும் போல இருக்கலாமாம்."

"மருந்து சும்மா கிட்டும். சோறு?" என்ற மதினி சட்டியை மூடினாள். "ஒரு கிலோ எறச்சியாக்கும் மக்கா."

அண்ணன் கையெழுத்தை விடவில்லை. எப்படியும் போட்டுவிட்டுப் போ, எங்கே எப்போது விழுவாய் என்று யாருக்குத் தெரியும் என்றான். விழுந்தால் ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தேன்.

அதியன்னூர் வழியாக நடந்து, இருட்டும் நேரத்தில் காட்டாக்கடை போய்ச் சேர்ந்தேன். மாத்திரையை விழுங்கிவிட்டுப் பூட்டிய கடை ஒன்றின் ஷட்டர் ஓரமாகப் படுத்தேன்.

காலையில் ஒருவர் ஜீப்பில் ஆள் தேடி வந்தார். ஒற்றசேகரமங்கலத்தில் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்த தோட்டம், மண்ணில் மிஞ்சி நிற்கும் மரக்குற்றிகளைத் தோண்டி எடுக்க வேண்டும்.

"எலே, கனத்த வேலயாக்கும். பற்றுமா, ஒன்னால முடியுமா?"

"பற்றும்."

தங்க இடம் உண்டா என்று கேட்டேன். தகரக் கொட்டகை உண்டு, அதில் வங்காளிகள் இருக்கிறார்கள், ஒதுங்கிப் படுத்துக்கொள் என்றார். ஏறினேன். முதல் குற்றியைச் சுற்றி இடுப்பளவு வெட்டியும் வேர் இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது.