பங்குக் கிணற்றுக்குச் சோலார் பம் வந்த வருடம்

இணுவிலில் எங்கள் தோட்டக் கிணறு பங்குக் கிணறு. ஒரு பங்கு எனக்கு, மற்றது என் மனைவியின் தமையனுக்கு. மாமனார் மகளுக்குச் சீதனம் எழுதியபோது நாலு பரப்புத் தோட்டக் காணியோடு கிணற்றின் விடியற்காலை முறையையும் சேர்த்தே எழுதினார். கோழி கூவியதிலிருந்து எட்டு மணி வரை தண்ணீர் எங்களுக்கு. அதற்குப் பிறகு பொழுதுபடும் வரை மச்சானுக்கு.

விடியற்காலை முறை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். நிலம் குளிர்ந்து கிடக்கும்போது விடுகிற தண்ணீர் நேரே வேருக்குப் போகும். மச்சானுக்கு இதில் நெடுநாள் மனத்தாங்கல். "தங்கச்சிக்குத் தண்ணி, எனக்கு வெய்யில்" என்று கலியாண வீட்டுப் பந்தியில்கூடச் சொல்லிக் காட்டுவான்.

இறைப்பு மிசினின் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று நின்று களைத்துப் போயிருந்த எங்களுக்கு, ஒரு திட்டத்தில் சோலார் பம் கிடைத்தது. விவசாயப் போதனாசிரியராக வந்த பிள்ளை நிபந்தனைகளை வாசித்துக் காட்டினா. பழைய இறைப்பு மிசினைக் கிணற்றடியில் வைக்கக் கூடாது. வேறு மிசின் கொண்டு வந்து பூட்டவும் கூடாது. பிளானில் இல்லாத எதையும் கட்டக் கூடாது. மீறினால் பம்மைக் கழற்றிக் கொண்டு போய்விடுவார்களாம். நானும் மச்சானும் முருகா என்று கையெழுத்து வைத்தோம்.

முதல் நாள் விடியப்புறம் குளித்து, திருநீறு பூசி, கிணற்றுக் கட்டில் கற்பூரம் கொளுத்திவிட்டு சுவிச்சைப் போட்டேன். ஒரு சத்தமும் இல்லை. திரும்பப் போட்டேன். கிழக்கே பனைகளுக்குப் பின்னால் வானம் அப்போதுதான் வெளுத்துக் கொண்டிருந்தது.

சோலார் வெயிலில்தான் ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் முறை வெயிலுக்கு முந்தியது என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை! சீதனமாக வந்த பொன் ஒரே விடியலில் பித்தளையாகிப் போனது.

எட்டு மணிக்கு முன் குழாயில் கொஞ்சம் தண்ணீர் துப்பியது. அதற்குள் மச்சான் மண்வெட்டியோடு வந்துவிட்டான்.

"என்ன மச்சான், கற்பூரம் கொளுத்தியும் ஓடேல்லையோ?"

"ஒரு மணித்தியாலம் விட்டுத் தா மச்சான். வெங்காயம் நட்டாச்சு. வேர் பிடிக்கிற நேரம்."

"அப்பா எழுதி வைச்சதை நான் மாத்தலாமோ? பாவமெல்லோ!" என்று கன்னத்தில் போட்டுக் கொண்டான். "இவ்வளவு காலமும் நீ குளிரிலை இறைச்சாய். இப்பதான் சூரியபகவான் என்ரை பக்கம் பாத்திருக்கிறார். குழப்பாதை."

எங்களிடம் இருந்த விதை வெங்காயம் முழுவதையும் அந்த நாலு பரப்பிலும் நட்டிருந்தோம். அது கருகினால் அடுத்த போகத்துக்கு நட ஒரு பிடிகூட மிஞ்சாது. சோளகக் காற்று வேறு பிடித்துவிட்டது. காலையில் ஈரமாக இருக்கும் பாத்தி மத்தியானம் வெடித்துக் கிடக்கும். நானும் மனைவியும் விடிய எழும்பி வாளியால் அள்ளி ஊற்றினோம். நடுத் தோட்டத்துக்குப் போகுமுன் முதுகு விட்டுப் போகும். தாள் நுனிகள் மஞ்சளாகத் தொடங்கின.

வெள்ளிக்கிழமை கந்தசாமி கோயிலில் நின்று அழுதேன். மழை கேட்கவில்லை. மச்சானின் மனதில் கொஞ்சம் ஈரம் தா என்றுதான் கேட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் மனைவி தமையனோடு நேரிலே கதைக்கிறேன் என்று போனா. நானும் பின்னால் போனேன். மச்சான் தலையில் துவாய் கட்டிக் கொண்டு பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக் கொண்டு நின்றான். மனைவி வெயிலில் கொதித்துக் கிடந்த வாய்க்காலில் காலை வைத்தா, உடனே எடுத்தா.

"அண்ணை, உதென்ன, சோறு வடிச்ச தண்ணியே விடுறியள்?"

மச்சான் மண்வெட்டியால் கடைசிப் பாத்திப் பக்கம் காட்டினான். அவன் பாத்திகளை அப்போதுதான் வடிவாகப் பார்த்தேன். கிணற்றடிப் பாத்திகள் காலையில் நனைவதால் பச்சையாக நின்றன. வெயில் ஏறிய பிறகு நனைந்த கடைசிப் பாத்திகளில் வெங்காயம் அவிந்து, தாள் மடிந்து கிடந்தது.

"பின்னேரம் விட்டால் என்ன?" என்று கேட்டேன்.

"பின்னேரம் பம்முக்கு மூச்சு வாங்குது. கடைசிப் பாத்தி வரைக்கும் தண்ணி போகாது." குரல் இறங்கியிருந்தது. "ஆரிட்டைச் சொல்லுறது? உன்னட்டைச் சொன்னால் நீ சிரிப்பாய்."

"நான் சிரிக்கேல்லை."

"கண் சிரிக்குது."

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "இஞ்சேருங்கோ, இரண்டு பேரும் வாயை மூடுங்கோ. அண்ணை, உங்களுக்கு வெய்யில் இருக்கு, தண்ணி விட ஏலாது. எங்களுக்கு விட ஏலும், வெய்யில் இல்லை. மத்தியானம் இறைச்சு எங்கையாவது தேக்கி வைச்சால் விடிய இரண்டு தோட்டத்துக்கும் விடலாமெல்லோ!"

"எங்கை தேக்கிறது? தொட்டி கட்டினால் பம்மைக் கழட்டிப் போடுவினம்" என்றான் மச்சான்.

மனைவி கிணற்றுக்கு அப்பால் கையைக் காட்டினா. மச்சான் தன் மகளுக்குக் கட்டத் தொடங்கி, சீமெந்து விலையால் நிறுத்தி வைத்த வீட்டு அத்திவாரம் அங்கே இடுப்பளவு உயரத்தில் நின்றது. உள்ளே மண் இன்னும் நிரப்பவில்லை. தோட்டத்தை விட மேடு.

மச்சான் அத்திவாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "வீட்டுக்கு ஆக்கள் குடிபூர முந்தி வெள்ளம் குடிபூரப் போகுதோ?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான். அன்றைக்கு முருகன் எங்கள் பக்கம் வந்து நின்றதை நான் கண்டேன்.

இடம்பெயர்ந்த காலத்தில் கூரைக்குப் போட்ட தறப்பாள் எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில்தான் இல்லை? இரண்டு வீட்டுத் தறப்பாளையும் எடுத்து, ஓட்டைகளுக்குச் சைக்கிள் ரியூப் வெட்டிச் சொலூசன் போட்டு ஒட்டி, அத்திவாரத்தின் பெரிய அறைக்குள் விரித்தோம். மத்தியானம் முழுக்கப் பம் இறைத்தது. விடியப் போய்ப் பார்த்தால் தண்ணீர் அரைவாசிதான் கிடந்தது. மூலையில் தறப்பாளை வெட்டிப் பொருத்தியதால் வந்த வினை. வெட்டாமல் மடித்து, கீழே குருமணல் போட்டுத் திரும்ப விரித்தோம். தண்ணீரை வெளியே இழுக்க, நீர் நிரப்பிய குழாய் ஒன்றைச் சுவருக்கு மேலால் வளைத்து வாய்க்காலில் விட்டு, நுனியை அடைத்தோம். இந்த முறை ஒரு சொட்டும் போகவில்லை.

பம்மைப் பார்க்க வந்த போதனாசிரியப் பிள்ளை அத்திவாரத்தடியில் நின்றுவிட்டா.

"ஐயா, பிளானிலை தொட்டி இல்லையே?"

நான் வாயைத் திறக்குமுன் மனைவி முந்திக் கொண்டா. "இது தொட்டியில்லைப் பிள்ளை. எங்கடை அண்ணை வீட்டுப் பெரிய அறை."

அந்தப் பிள்ளை சிரிப்பை அடக்கப் பார்த்தா, முடியவில்லை. சுற்றி நடந்து, தறப்பாளைத் தூக்கிப் பார்த்து, "புதுசா ஒண்டும் கட்டேல்லைத்தான்" என்றா. "ஆனால் தண்ணி தேங்கி நிண்டால் நுளம்பு பெருகும். அதுக்குச் சுகாதாரப் பகுதி ஆக்கள் வருவினம்."

"ஒவ்வொரு நாளும் விடிய வத்த விடுவம் மகள். நுளம்புக்கு முட்டையிட நேரமில்லை" என்றான் மச்சான்.

"அப்ப சரி. இப்பிடியே செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டு, மற்றக் கிணற்றுக்காரருக்குக் காட்ட வேண்டுமென்று படமும் எடுத்துக் கொண்டு போனா.

அடுத்த நாள் விடியப்புறத்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். குழாயின் அடைப்பை எடுத்ததும், இரவுக் காற்றில் குளிர்ந்த தண்ணீர் இருட்டுக்குள் சலசலத்துக் கொண்டு வாய்க்காலில் இறங்கியது. எண்ணெயும் இல்லை, மிசின் சத்தமும் இல்லை. கோயில் மணி கேட்டது. நான் கிணற்றடியில் தேவாரம் படிக்க, மச்சான் எங்கள் தோட்டத்தில் நின்று தண்ணீர் மாறினான். பிறகு அவன் தோட்டத்தில் நான் மாறினேன். யாருடைய முறை என்று அன்றிலிருந்து ஒருவரும் கேட்டதில்லை.

ஆடியில் பாத்திகளின் மண் வெடித்து, வெங்காயம் சிவப்பாகத் தலைகாட்டியது. மனைவிதான் முதல் கொத்தைப் பிடுங்கினா. மண்ணை உதறியபோது கைகொள்ளாமல் திரண்டு நின்றன. மச்சான் ஒன்றைத் தோலுரித்துக் கடித்தான், கண்ணால் தண்ணீர் ஓடியது.

"உறைக்குதோ?" என்று கேட்டேன்.

"ஓமடா, நல்லா உறைக்குது" என்று மற்றப் பாதியை என் வாய்க்குள் திணித்தான்.

அடுத்த போகத்துக்கான விதை வெங்காயத்தை அன்றே பிடி பிடியாகக் கட்டி எங்கள் அடுப்படிக் கூரை வளையில் தொங்கவிட்டோம். வளை நிறைந்து போய், மிச்சத்தை மச்சான் வீட்டிலும் தொங்கவிட வேண்டியிருந்தது.