அம்மா சோற்றில் நட்ட குச்சிகள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிப் பிரிக்கிறவர்களுக்கும், தபாலில் பெறுகிறவர்களுக்கும், கடல் கடந்த ஊர்களில் கைபேசியில் தள்ளித் தள்ளிப் படிக்கப்போகிறவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அம்மா போய் இந்தத் தையோடு ஒரு வருடம் ஆகிறது. அழுதுகொண்டே எழுதினால் அம்மாவுக்குப் பிடிக்காது. அப்பா இறந்த வீட்டிலேயே, "அழுவறதுக்கு ஆள் நெறைய இருக்கு, நீ போயி வந்தவங்களுக்குக் காப்பி போடு" என்று என்னை எழுப்பி அனுப்பியவர் அவர். அதனால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா பிறந்தது திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில், மண்ணியாற்றங்கரையில். வாழ்க்கைப்பட்டது ஒரத்தநாட்டுப் பக்கம். எங்கள் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவருவது கல்லணைக் கால்வாய். ஊரில் அதைப் புதாறு என்போம். அம்மா அதைக் கடைசிவரை ஆறு என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. "வெள்ளைக்காரன் வெட்டி விட்டது. எங்க மாமியாரைவிட நாலஞ்சு வயசுதான் மூப்பு. இதெல்லாம் ஒரு ஆறா?" என்பார். ஆனால் அந்தத் தண்ணீரை எங்கள் வயலுக்குத் திருப்புவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

நான் பத்தாவது படிக்கும்போது அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அண்ணன் அப்போது டிப்ளமோ முதல் வருடம். சொந்த நிலம் ஆறு மா, குத்தகை மூன்று மா, எல்லாம் சேர்த்தால் மூன்று ஏக்கர். நிலத்தை யாரிடமாவது விட்டுவிடச் சொன்னார்கள். "உழுவறதுக்கு டிராக்டர் இருக்கு, அறுக்கறதுக்கு மிஷின் இருக்கு. நடுவுல இருக்கறது நான் பாத்துக்கறேன்" என்று அம்மா சொன்னார். பார்த்துக்கொண்டார். அண்ணனைச் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைக்கு அனுப்பினார். என்னை எம்.ஏ. பொருளாதாரம் படிக்கவைத்தார்.

உலகமயமாதல் என்ற பாடத்தைப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் நான்தான் நடத்துகிறேன். புத்தகத்தில் அது நாலு பக்கம். எங்கள் வீட்டில் அது ஒரு நாற்றாக வந்தது. வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, குத்துக்கு ஒரே ஒரு இளம் நாற்றை, கயிறு பிடித்து இடைவெளி விட்டு நடச்சொன்னார். இது மடகாஸ்கர் என்ற தீவிலிருந்து வந்த முறை என்றார். ஊரே சிரித்தது. ஒற்றை நாற்று நட்ட வயல், நட்ட மறுநாள் வெறும் சேறாகத்தான் தெரியும். அம்மா மட்டும் ஒரு மாவில் நட்டுப் பார்த்தார். இருபது நாளில் ஒவ்வொரு நாற்றும் கைப்பிடி கொள்ளாமல் தூர் கட்டி நின்றது. சிரித்தவர்கள் வரப்பில் வந்து நின்று கேட்டபோது அம்மா சொன்னது: "எந்த ஊர்க்காரன் சொன்னா என்னங்க, பயிர் தூர் கட்டுதான்னு பாருங்க."

இவ்வளவு விசாலமான மனசு என்று நீங்கள் நினைத்தால், இனிமேல்தான் இருக்கிறது கதை.

அண்ணன் வேலைபார்த்த நிறுவனத்தின் அலுவலகத்தில் வியட்நாம் நாட்டுப் பெண் ஒருவர் இருந்தார். பெயர் ஹோவா. அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அண்ணன் போனில் சொன்ன அன்று, அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். சாதிசனம் என்ன சொல்லும் என்று பெரியம்மா திருப்பனந்தாளிலிருந்து பஸ் ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு வருடம் இதே பேச்சு. நானும் ஒருநாள் பொறுமையிழந்து கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, மடகாஸ்கர் நாத்து நம்ம வயலுக்கு வரலாம், வியட்நாம் மருமக நம்ம வீட்டுக்கு வரக்கூடாதா?"

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாத்து எனக்கு வாய்க்கரிசி போடப் போறதில்லடி. நாளைக்கு நான் செத்துக் கெடந்தா, என்ன செய்யணும்னு இவளுக்குத் தெரியுமா? வேடிக்கை பாத்துக்கிட்டு நிப்பா. மருமக கையால அரிசி இல்லாம நான் போவணுமா?"

கோபத்தில் சொன்ன பேச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, நிறமோ பாஷையோ சாதியோகூட அவரை அவ்வளவு உறுத்தவில்லை. இந்த ஒன்றுதான் உறுத்தியது. கணவனையும் மாமியாரையும் தன் கையால் வழியனுப்பியவர் அவர்.

நீங்கள் வராமல் கல்யாணம் இல்லை என்று அண்ணன் ஒரே பிடியாக நின்றதால், கடைசியில் நானும் அம்மாவும் வியட்நாம் போனோம். பெண்ணைப் பார்ப்பது, பிடிக்காவிட்டால் அங்கேயே சொல்லிவிட்டுத் திரும்புவது என்பது அம்மாவின் ஏற்பாடு. பையில் புளியோதரையும் எலுமிச்சை ஊறுகாயும் இருந்தன. சண்டை போடப் போகிறவர்கள் பட்டினி கிடக்கக்கூடாது அல்லவா?

விமான நிலையத்துக்கு அண்ணனும் ஹோவாவும் அவருடைய அப்பாவும் வந்திருந்தார்கள். கார் ஊருக்குள் திரும்பியதும் இரண்டு பக்கமும் வயல். மூங்கில், வாய்க்கால், வரப்பில் குந்தியிருக்கும் ஆள். அம்மா சன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டார். திடீரென்று, "வண்டிய நிறுத்தச் சொல்லுடா" என்றார். இறங்கி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, யாரோ ஒருவருடைய வயலுக்குள் போய் ஒரு பயிர் இலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு வந்தார். வருங்காலச் சம்பந்தியிடம் எங்கள் அம்மா பேசிய முதல் வார்த்தை இதுதான்: "எலச்சுருட்டுப் புழு இருக்குன்னு சொல்லு."

அண்ணன் ஆங்கிலத்தில் சொல்ல, ஹோவா மொழிபெயர்த்தார். அந்த மனிதர் கைகொட்டிச் சிரித்தார். அந்த வயல்காரனிடம் பத்து நாளாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்கமாட்டேன் என்கிறான் என்றார். அம்மாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. பெண்ணை மட்டும் இன்னும் நேராகப் பார்க்கவில்லை.

அன்று மதியம் சாப்பாடு. எங்கள் இரண்டு பேருக்கும் கரண்டி வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு ரோஷம். "எல்லாரும் குச்சில சாப்பிடுறாங்க, நான் மட்டும் கொழந்தையா?" என்று குச்சிகளை வாங்கிக்கொண்டார். நாலு பருக்கை ஏறியது, மூன்று விழுந்தது. அதற்குள் முந்தானை சரிய, அதை இழுத்துவிடக் கை வேண்டும். நாற்றங்காலில் வளர்ந்த கை என்ன செய்யும்? இரண்டு குச்சியையும் கிண்ணத்துச் சோற்றின் நடுவில், இரண்டு விரல்கடை ஆழத்துக்கு, நெட்டாக நட்டுவிட்டு முந்தானையைச் சரிசெய்தார்.

ஹோவாவின் அம்மா எழுந்து வந்து, குச்சிகளை மெதுவாகப் பிடுங்கி, கிண்ணத்தின் மேல் படுக்கவைத்துவிட்டு அம்மாவின் தோளைத் தட்டினார். ஹோவா தயங்கித் தயங்கி, அண்ணன் சொல்லிக்கொடுத்த தமிழில் சொன்னார். "அத்தை, செத்தவங்களுக்கு... இப்படி வைப்போம்."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடமாட்டோமா என்றிருந்தது. அம்மா முகத்திலோ ஒரு வெளிச்சம். அன்றுதான் அந்தப் பெண்ணை முதன்முதலாக நேருக்கு நேர் பார்த்தார்.

"செத்தவங்களுக்கு நீங்களும் சோறு வைப்பீங்களா?"

மறுநாள் காலை நான் முற்றத்தில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, சமையலறையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் மூன்று பெண்களும் குந்தியிருப்பது தெரிந்தது. அம்மா கையை ஆட்டி ஆட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். ஹோவா நடுவில் இருந்து இரண்டு பக்கமும் சொன்னார். பிறகு மூன்று பேரும் ஒரே சிரிப்பு. என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "அரிசியப் பத்தி" என்றார் அம்மா. அன்று சாயங்காலமே பெரியம்மாவுக்குப் போன் போட்டு, "பொண்ணு நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரிதான், நீ பட்டுப்பொடவைய எடுத்து வையி" என்றார். இரண்டு வருடம் கூட உட்கார்ந்த தன்னை விட்டுவிட்டு அம்மா கட்சி மாறிய அந்தக் கோபம் பெரியம்மாவுக்கு வெகுநாள் போகவில்லை.

ஹோவா என்றால் அவர்கள் பாஷையில் பூ. அம்மா அன்றிலிருந்து "பூவு" என்றே கூப்பிட்டார். எனக்கு அவர் அண்ணி ஆனார்.

அதன்பிறகு வந்த வருடங்கள்தான் அம்மாவின் வாழ்க்கையிலேயே கலகலப்பானவை என்று சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் சம்பந்தி வருவார். இவர் ஒரு கதிரைத் திரைக்கு முன்னால் பிடிப்பார், அவர் ஒரு கதிரைப் பிடிப்பார். யார் கதிரில் மணி அதிகம் என்று இரண்டு பேரும் தத்தம் பாஷையில் எண்ணுவார்கள். தோற்றால் அம்மா, நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிடுவார். அங்கே பயிருக்குள் வாத்து விட்டுக் களையைத் தின்னவைப்பதைப் பார்த்துவிட்டு இவரும் பத்து வாத்து வாங்கினார். சம்பந்தி சுற்றி வலை கட்டச் சொன்னதை மறந்துவிட்டார். வாத்துகள் நான்கு பேர் வயலில் புகுந்து, புதாற்றில் இறங்க, ஊரே சேர்ந்து விரட்டிப் பிடித்தது. அந்த வீடியோவை வியட்நாமில் ஒரு ஊரே பார்த்ததாம்.

எல்லாம் நல்லதுக்கே என்றும் சொல்லமாட்டேன். அண்ணன் இல்லாமல் எட்டுப் பொங்கல் வைத்தார் அம்மா. காய்ச்சலில் கிடந்தபோது பிள்ளை முகத்தைத் திரையில் பார்த்துவிட்டு, போனை வைத்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். பாடப் புத்தகத்தில் அதற்கு இடமில்லை.

போன தையில் சம்பா அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு வந்து படுத்தவர், வெள்ளிக்கிழமை விடியற்காலையில் எழுந்திருக்கவில்லை. முந்தின ஞாயிறுதான் சம்பந்தியைப் பதினேழு நெல்மணி வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார்.

அண்ணனும் அண்ணியும் சிங்கப்பூரிலிருந்து காலை விமானத்தைப் பிடித்துவிட்டார்கள். திருச்சியில் இறங்கி வரவேண்டும். மூன்று மணி ஆயிற்று, நான்கு ஆயிற்று. "பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாவணும்" என்றார்கள் பங்காளிகள். பிள்ளைக்காகக் காத்திருந்தார்கள். மருமகளைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு மட்டும் அம்மா கேட்ட கேள்வி நெஞ்சில் கிடந்து அடித்துக்கொண்டது.

நாலே காலுக்குக் கார் வந்தது. அண்ணன் அம்மா காலில் விழுந்து கதறினான். பெண்கள் ஒவ்வொருவராக வாய்க்கரிசி போட்டார்கள். அண்ணியின் முறை வந்ததும் பெரியம்மா அவர் கையைப் பிடித்தார். "அவளுக்கு என்ன தெரியும், நான் அவ கையப் புடிச்சுப் போட வைக்கிறேன்."

அண்ணி மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். தட்டிலிருந்து மூன்று விரலால் அரிசியை எடுத்தார். குனிந்து, அம்மாவின் உதட்டில் மூன்று முறை, ஒரு மணி சிந்தாமல் இட்டார். பிறகு நிமிர்ந்து சொன்னார்.

"எங்க வீட்டுலயும் இதேதான் பெரியம்மா. அத்தை அன்னைக்கே கேட்டாங்க. எங்கம்மா பானையிலேருந்து அரிசி எடுத்துக் காட்டினாங்க. 'எனக்கு நீ போடுவியா பூவு'ன்னாங்க. போடுறேன்னு சொன்னேன்."

பெரியம்மா அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுத அழுகை, தங்கைக்காக அழுததைவிடப் பெரிது.

அம்மாவின் கடைசி நாளில் கூடநின்ற பங்காளிகளுக்கும், பந்தல் போட்ட தெருப் பிள்ளைகளுக்கும், எங்கள் வீட்டுக்கு மூன்று நாள் சோறாக்கிப் போட்ட எதிர்வீட்டுக்காரர்களுக்கும், திருச்சியிலிருந்து காரைப் பறக்கவிட்ட டிரைவர் தம்பிக்கும், பிடித்த வாத்துகளைத் திருப்பித் தந்த நான்கு வயல்காரர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

சம்பந்தி வீட்டாருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அவர்களால் வர முடியவில்லை. அம்மாவை எடுத்த அன்று இரவு அண்ணியின் கைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். அவர்கள் வீட்டுச் சாமிமாடத்தில் எங்கள் அம்மாவின் படம். அதற்கு முன்னால் ஒரு கிண்ணம் சோறு, மேலே அவித்த முட்டை. சோற்றின் நடுவில் இரண்டு குச்சிகள், இரண்டு விரல்கடை ஆழத்துக்கு, நெட்டாக. அம்மா அன்று நட்டதைப் போலவே நட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமையாயிற்றே. முட்டையை மட்டும் தள்ளி வைத்துவிட்டு, சோற்றைச் சாப்பிட்டிருப்பார்.