கையெழுத்துப் போடாத பக்கத்து வீடு

இரண்டு வருடங்களுக்கு முன், மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை. பெங்களூரு மர்பி டவுனில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள ஒரு தெருவில், ஒரு வீட்டுக்குக் கரையான் மருந்து வைக்கப் போயிருந்தேன். பூச்சிக் கட்டுப்பாட்டு வேலையை நான் சொந்தமாக எடுத்துச் செய்யத் தொடங்கியிருந்த சமயம் அது. என்னோடு ஒரே ஒரு டெக்னீஷியன். என்னைவிட மூத்தவர், அதனால் நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னை மேடம் என்பார்.

வீட்டுக்காரர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் நிர்வாகப் பிரிவில் இருந்தார். அந்தத் தொழிற்சாலையின் வருட ஒப்பந்தத்துக்கு நான் விண்ணப்பித்திருந்தேன். மூன்றாம் நபருக்கு ஏற்படும் பாதிப்புக்கான இன்சூரன்ஸ் இல்லாதவர்களை அங்கே பரிசீலிக்கவே மாட்டார்கள் என்பதால், அதையும் எடுத்திருந்தேன். "முதல்ல என் வீட்டுல செஞ்சு காட்டுங்க, அப்புறம் ஃபேக்டரியைப் பேசலாம்" என்று சொல்லித்தான் அவர் கூப்பிட்டார்.

பாலிசி கையில் வந்ததும் பலர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். நான் பாடப்புத்தகம் போலப் பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். எனக்குப் புரிந்தது இரண்டு விஷயம். ஒன்று, அந்தக் காகிதம் காப்பாற்றுவது என் தவறுதலை. என் அலட்சியத்தை அல்ல. ஆபத்து என்று தெரிந்தே ஒரு வேலையைச் செய்துவிட்டு நஷ்டஈடு கேட்டுப் போய் நிற்க முடியாது. இரண்டு, வாடிக்கையாளர் எழுதிக் கொடுக்கும் சம்மதம் அவரை மட்டும்தான் கட்டுப்படுத்தும். அந்த இரண்டாவது விஷயம்தான் அன்று எனக்குக் கைகொடுத்தது.

எந்த வீட்டுக்குப் போனாலும் நான் கேட்கும் கேள்விகள் உண்டு. குடிக்கிற தண்ணீர் எங்கே நிற்கிறது, கரண்ட் வயர் எந்தப் பக்கம் போகிறது, வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா, மீன் தொட்டி, நாய், பூனை? அவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை, எங்கள் ஊரில் சம்ப் என்போம், வாசல் கேட்டருகே மூடியைத் திறந்தே காட்டினார். கரையான் ஏறியிருந்ததோ வீட்டின் பின்பக்க அறையில், பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரில். சம்ப்புக்கும் அதற்கும் நல்ல தூரம். நிம்மதியாக வேலையைத் தொடங்கினோம்.

சுவரும் தரையும் சேரும் இடத்தில் வரிசையாகத் துளை போட்டு, மருந்தைச் செலுத்தி, வெள்ளை சிமெண்ட்டால் அடைப்பதுதான் முறை. மருந்துக்கு முன்னால் ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் வெறும் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது என் பழக்கம். மண் தண்ணீரை மெதுவாகக் குடித்தால் சரி. அண்ணாவுக்கு இது எப்போதும் கேலிதான்.

"கரையானுக்குத் தண்ணிப் பந்தல் வெச்சாச்சு. மோரும் குடுத்துடலாமா மேடம்?" என்றார்.

மூலைக்கு அருகிலிருந்த ஒரு துளையில் ஊற்றிய தண்ணீர் நிற்கவில்லை. மடமடவென்று உள்ளே போனது. இன்னொரு குவளை ஊற்றினேன், அதுவும் போனது. அண்ணா கேலியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

பெருச்சாளி வளையாக இருக்கும், நீங்கள் மருந்தை விடுங்கள் என்றார் வீட்டுக்காரர். வளையாகவும் இருக்கலாம். ஆனால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. அங்கெல்லாம் போக வேண்டாம், அவர்களோடு எங்களுக்குப் பேச்சில்லை என்றார். அங்கே இருப்பது யார் என்று கேட்டதும் பேச்சை மாற்றினார்.

"நான் எழுதிக் குடுக்குறேன் மேடம். எது ஆனாலும் என் பொறுப்பு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி முடிங்க. திங்கக்கெழம ஃபேக்டரியில உங்க பேரைச் சொல்லணும்ல?"

அவர் மிரட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பீன்யா ஒப்பந்தம் என் கண்ணெதிரே வந்து போனதை மறைக்கமாட்டேன். பாக்கெட்டிலிருந்து பேனாவைக்கூட எடுத்துவிட்டார். அந்த நேரத்தில்தான் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தை அழுதது. செங்கல் சுவர் என்றாலும், பக்கத்தில் நின்று அழுவது போலக் கேட்டது.

"உங்க கையெழுத்து உங்க வீட்டுக்கு சார்," என்றேன். "அந்தக் குழந்தை கையெழுத்துப் போடலையே."

அவர் பேனாவை மூடினார்.

"என் தம்பி பேத்தி," என்றார். "போய்க் கேளுங்க. நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லாதீங்க."

பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்தவர் அந்தத் தம்பியின் மனைவி. என் சீருடையையும் கையுறையையும் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அவரு அனுப்பினாரா?" என்பதுதான். இல்லை அக்கா, எங்கள் கம்பெனி விதி என்றேன். அதில் பொய்யில்லை. கம்பெனியும் நான்தான், விதியும் என்னுடையதுதான்.

அவர் சொன்னதிலிருந்து எல்லாம் விளங்கியது. முன்பு இரண்டும் ஒரே வீடு. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். பழைய சம்ப் தம்பி பக்கம் வந்தது. அண்ணன் வாசலில் புதிதாகத் தோண்டிக்கொண்டார். அந்தப் பழைய சம்ப் எங்கே என்று கேட்டேன். சமையலறைக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் இடத்துக்கு அழைத்துப்போய் ஒரு பிளாஸ்டிக் கூடையை நகர்த்தினார். இரும்பு மூடி. நாங்கள் துளை போட்ட மூலைக்கு நேர் அந்தப் பக்கம்.

மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். அண்ணாவுக்குப் போன் செய்து, அந்தத் துளையில் இன்னும் ஒரு குவளை ஊற்றச் சொன்னேன். சம்ப்பின் உட்சுவரில் ஒரு விரிசலிலிருந்து செம்மண் நிறத்தில் ஒரு கோடு மெல்ல இறங்கி, தெளிந்த தண்ணீரைத் தொட்டது.

அந்த அக்காவும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது போனது வெறும் தண்ணீர்தான், மருந்து ஒரு துளிகூட விடவில்லை என்று உடனே சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுல புடிச்சு வெக்குற காவேரித் தண்ணியிலதாம்மா பாப்பாவுக்குப் பால் கரைக்குறோம்."

திரும்பியபோது அந்த அக்கா வீட்டு வாசலில் வீட்டுக்காரர் நின்றிருந்தார். செருப்பைக் கழற்றியிருந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. அந்தச் சுவர் ஓரம் முழுவதும் திரவ மருந்தே கிடையாது, துளைகளை அடைத்துவிட்டு, கரையான் தின்று சாகும் இரை வைத்த பெட்டிகள் வைக்கிறேன், பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும் என்றேன். அந்தப் பழைய சம்ப்பை எப்போதோ மூடியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன், நீங்கள் சொல்கிறபடியே செய்யுங்கள் என்றார்.

நாங்கள் துளைகளை அடைத்துக்கொண்டிருந்தபோது அந்த அக்கா என் டெக்னீஷியன் அண்ணாவை வாசலுக்குக் கூப்பிட்டு, உங்கள் இரண்டு பேருக்கும் காபி என்று தட்டை நீட்டினார். தட்டில் மூன்று டம்ளர்கள் இருந்தன. ஒன்றில் சர்க்கரை இல்லை. யாரும் சொல்லாமலே வீட்டுக்காரர் அதை எடுத்துக் குடித்தார். அந்தச் சம்ப் தண்ணீரில் போட்ட காபி.

அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் தெரியாது. பிறகு பக்கத்து வீட்டிலும் அதே கரையான் இருப்பது தெரிந்து, அங்கும் பெட்டி வைத்தேன். இரண்டு வீட்டுக்கும் தனித்தனி சர்வீஸ் கார்டு வேண்டும் என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒற்றுமையாக இருந்தார்கள். பீன்யா ஒப்பந்தம் வேறொருவருக்குப் போனது. அன்றைய சம்பவம்தான் காரணமா என்று நான் விசாரிக்கவில்லை. அந்தத் தெருவில் ஒவ்வொரு வீடாக என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அது போதுமானதாக இருந்தது.

இன்சூரன்ஸைத் தவறாமல் புதுப்பிக்கிறேன். இதுவரை ஒரு முறைகூட அதைப் பயன்படுத்த வேண்டி வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்ற கேள்வியும் என் கேள்விகளோடு சேர்ந்திருக்கிறது, அதைப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டித்தான் கேட்பேன். எங்கே வேலைக்குப் போனாலும், டிரில்லைக் கையில் எடுக்கும்முன் ஒரு நிமிடம் சுவரில் காது வைத்துக் கேட்கத் தோன்றுகிறது. எனக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காத ஒருவர் எப்போதும் அந்தப் பக்கம் இருக்கிறார்.