இரண்டு மென்பொருளும் ஒரு கோப்பும்

அப்போது பெருமாள்மலையில் டைப்பிங் கடை வைத்திருந்தேன். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் பட்டா கேட்டு எழுதிய மனுவை மறுநாள் கலெக்டரிடம் கொடுக்க வேண்டும். அன்று பார்த்துத் தமிழ் மென்பொருள் திறக்கவில்லை.

கொடைக்கானலிலிருந்து கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் ஒரு பெண் மெக்கானிக் பஸ்ஸில் வந்தார். நரைத்த பின்னல், ஆண்கள் போடும் ஸ்வெட்டர். நான் புதிதாக ஏற்றிய போட்டோ மென்பொருள், தனக்கும் தமிழ் மென்பொருளுக்கும் பொதுவான டிஎல்எல் என்ற ஒரு துணைக் கோப்பை மாற்றிவிட்டிருந்தது.

“அந்தக் கோப்ப அழிச்சிருங்கக்கா,” என்றேன்.

“அழிச்சா போட்டோ ஓடாதுங்க. ரெண்டுக்கும் தனித்தனியா வச்சிருவோம்.”

எந்தக் கோப்பைத் தொடுமுன்னும் அதை பிளாப்பியில் நகலெடுத்து, மேலே கோப்பின் பெயரை எழுதி வைத்தார். பிறகு சரியான கோப்பைத் தமிழ் மென்பொருளின் ஃபோல்டரிலேயே போட்டார். மனு திறந்தது. மெல்லப் படித்துக்கொண்டே வந்தவர் ஓர் இலங்கை ஊரின் பெயரில் நின்றார்.

“நுவரெலியாவுல ஒரு எழுத்து தப்பாக் கெடக்குங்க.”

“அந்த ஊரு தெரியுமாக்கா?”

“வெரசா பிரிண்ட் எடுங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு,” என்று பையை மூடினார்.

சில வருடங்களில் பட்டா வந்தது. பயனாளிகளின் பட்டியலை நான்தான் டைப் செய்தேன். அதில் அவரும் இருக்கிறாரா என்று தேடத் தொடங்கிய பிறகுதான், அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளவே இல்லை என்பது உறைத்தது.