பாதி அரண்மனை

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் படம் என் போனில் வந்து விழுந்தது. பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிற பொடிக்கட்டக் கிராஃப் தாள். அதில் மாங்காயும் இல்லை, அன்னமும் இல்லை; ஓர் அரண்மனை! அகழி, பாம்புக்கிணறு, சுரங்கம் எல்லாம் சிவப்பு மையில். ஆனால் வலது பாதி மட்டும்தான். நடுக்கோட்டுக்கு இடது பக்கம் வெறும் கட்டங்கள்.

அனுப்பியவர் எங்கள் அட்மின் அக்கா. அவர் கதை சொல்லுவார். நாங்கள் நால்வரும் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி அந்தக் கதைக்குள் நுழைவோம். இணையத்தில் ஒரு செயலியில்தான் கூடுவோம். நான் திருடன். இன்னொருவர் மந்திரக்காரி, ஒருவர் அதிகம் பேசாத வீணைக்காரர். எல்லாவற்றுக்கும் சண்டைக்கு நிற்பவன் கோடாலி. நிஜப் பெயரோ ஊரோ யாருக்கும் தெரியாது.

மீதி எங்கே என்று கோடாலிதான் முதலில் எகிறினான். அக்கா சாவகாசமாகப் பதில் போட்டார்: “அதான் இருக்குதேப்பா, திருப்பிப் போட்டுக்கோ.” மற்றவர்கள் திருதிருவென்று விழிக்க, எனக்கு மட்டும் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் வீட்டில் தறி உண்டு. பாதி உருவம் போட்டுக் கொடுத்தால் மறுபாதியைத் தறியே திருப்பி நெய்துகொள்ளும். கிராஃப் போட்டுப் பழகிய கைக்குத்தான் இப்படி ஒரு தப்பு வரும்! நீங்க காஞ்சிபுரமா என்று தனியாகக் கேட்டேன். பிள்ளையார்பாளையம் என்றார். என் வீட்டிலிருந்து இரண்டே தெரு.

இரண்டு வருடம் ஆடினோம். இடதுபக்கச் சமையற்கட்டைக் கொளுத்தினோம், கிணற்றைத் தூர்த்தோம், ஆளுக்கோர் அறை பிடித்தோம். பிறகு ஒரு திங்கட்கிழமை காலை செயலியே இல்லை. மூடப்போவதாக மின்னஞ்சலில் சொல்லியிருக்கிறார்கள்; நாங்கள் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அக்கா தாளைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். “ஒரு போன் நம்பர்கூட வாங்கி வைக்கலயேப்பா. எங்கன்னு போய்த் தேடுவேன்?”

தாளை மறுபடி விரித்தவர், அந்தப் பாதிப் படத்தை விளையாட்டுக்காரர்கள் உலவும் இணையப் பக்கங்களிலெல்லாம் போடச் சொன்னார். கீழே ஒரே கேள்வி: மீதி எங்கே? பிரிண்டர் ரிப்பேரா என்று கேலி செய்தார்கள். நான்காம் நாள் ஒரு பதில் வந்தது: “அதான் இருக்குதேப்பா, திருப்பிப் போட்டுக்கோ.” செருப்புகூடப் போடாமல் இரண்டு தெருவையும் ஓடிக் கடந்தேன். அக்கா படித்தார், சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கோடாலிதான். சண்டை போட்டவன் மறப்பானா?”

அடுத்த வாரம் அதே வரியுடன் மந்திரக்காரியும் வந்தார். வீணைக்காரர் மட்டும் வரவில்லை.

இப்போது அக்காவுக்கு பெங்களூரில் வேலை; ஆனாலும் ஆட்டத்துக்குத் தவறாமல் வந்துவிடுவார். மாதம் ஒரு ஞாயிறு எல்லோரும் என் வீட்டு மேசையைச் சுற்றி உட்காருகிறோம், நிஜப் பகடையோடு! கோடாலி வேலூரிலிருந்து பஸ்ஸில் ஏறியதுமே, “வந்துக்கினே இருக்கேன், ஆரம்பிச்சிடாதீங்க” என்று மிரட்டுவான். தாளின் பின்பக்கம் எல்லோருடைய நம்பரும் பேனாவில் இருக்கிறது. முன்பக்க இடது பாதியை அவரவர் நினைவிலிருந்து நிரப்பிவிட்டோம், எரிந்த சமையற்கட்டு உட்பட. ஒரு மூலையில் மட்டும் பன்னிரண்டு கட்டம் வெள்ளையாகக் கிடக்கிறது. வலது பக்கத்தைப் பார்த்துத் திருப்பிப் போட்டுவிடலாமே என்று பென்சிலை எடுத்தேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “அது வீணைக்காரர் ரூம்பா. அவரே வந்து போடட்டும்.”