கப்பலேற இருந்த காது

எங்கட வீட்டு மனிசனுக்கு ஒரு வெறும் பாத்திரத்தைக் கண்டால் கை சும்மா இராது. கடற்படையில், கப்பலின் எஞ்சின் அறையில் வேலை செய்து பழகினவர். கப்பலில் ஒரு சாமானும் சும்மா கிடக்கக்கூடாதாம், ஒரு இடமும் வெறுமையாக இருக்கக்கூடாதாம், அலை அடித்தால் எல்லாம் பறக்குமாம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சாமான் கட்டின நாட்களில் தேத்தண்ணிக் கோப்பைக்குள் காலுக்குப் போடுகிற மேசு, மேசுக்குள் கரண்டி, பூச்சாடிக்குள் சவர்க்காரம் என்று அடைத்துக்கொண்டே திரிந்தார்.

"இஞ்சேருங்கோ, என்னையும் எதுக்குள்ளயாவது அடைஞ்சு போடாதேங்கோ" என்றேன்.

"உம்மைக் கொள்ளுற பெட்டி இந்த வீட்டில இல்லையப்பா" என்றார். நீர்கொழும்பில் பிறந்தவர். முகாமில் சிங்களம், வீட்டில் தமிழ், இரண்டிலும் வாய் கொஞ்சம் நீளம்.

அவுஸ்திரேலியாவில் தூதரக வேலை, இரண்டு வருடத்துக்கு. திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் நாங்கள் இருந்தது கல்யாணம் கட்டிய பிறகு எத்தனையாவது வீடு என்று எண்ணுவதையே நான் விட்டிருந்தேன். காலி, தலைமன்னார், திரும்பத் திருகோணமலை. ஆனால் கடல் தாண்டிப் போவது இதுதான் முதல்தரம். அந்த நாட்டுக்காரர் ஒரு பொட்டு மண்ணையும் உள்ளே விடமாட்டார்களாம். மகளின் சைக்கிள் சில்லைப் பழைய பற்தூரிகையால் தேய்த்தேன், சப்பாத்துகளின் அடியைத் தேய்த்தேன், கூட்டுகிற தும்புத்தடியை வீசிவிட்டேன். உப்புவெளியிலிருந்து அம்மா பஸ்ஸில் கொண்டுவந்த கருவாட்டை மனிசன் வாசலிலேயே மறித்துவிட்டார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "துவக்குத் தூக்கித் திரியிற ஆக்களுக்குக் கருவாட்டுக்கு என்ன பயம்?" என்று கேட்டுவிட்டுத்தான் போனா.

எனக்கு அங்கே போகவேண்டிய காரணம் ஒன்றே ஒன்றுதான். மகள். அவளுக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்தே காது கேளாது. இடது காதில் ஒன்றும் இல்லை. வலது காதில் கருவி போட்டால் கேட்கும். அதைப் போட்ட பிறகுதான் அவள் வாயில் 'அம்மா' என்று வந்தது, அப்போது நாலு வயது. மற்றப் பிள்ளைகளின் தாய்மார் அந்தச் சொல்லைக் கேட்டுச் சலித்துப்போன வயதில் நான் குசினி அடுப்படியில் நின்று அதை முதல்தரம் கேட்டு அழுதேன். அங்கே இப்படிப் பிள்ளைகளுக்கென்றே படித்த ஒரு ரீச்சர் இருக்கிற பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. நாங்கள் வெள்ளிக்கிழமை பறந்தால் திங்கட்கிழமை அவள் வகுப்பில் இருக்கவேணும்.

புதன்கிழமை மத்தியானம் கிண்ணியாவிலிருந்து லொறியோடு ஒரு முஸ்லிம் அண்ணை வந்தார், நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். வீட்டுச் சாமானை மரப்பெட்டியில் கட்டிக் கொழும்புத் துறைமுகத்துக்கு ஏற்றி அனுப்புவது அவருடைய தொழில். பெரிய பெட்டிகள் ஆறு. அவர் ஆணி அடிக்கிற வேகத்தைப் பார்த்தால் சுவருக்கும் பயம் வரும். கடைசிப் பெட்டி மூடி முடிந்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. கை கழுவிவிட்டு, முற்றத்தில் கசக்கின கடதாசியோடு விளையாடிக்கொண்டிருந்த மகளைச் சாப்பிடக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. கிட்டப் போய்த் தோளைத் தொட்டேன். காதில் கருவி இல்லை.

"எங்கயம்மா?" என்று என் காதைத் தொட்டுக் காட்டினேன்.

ஜன்னல் விளிம்பைக் காட்டினாள். குளிக்கப் போகிறபோது கழற்றி எப்போதும் வைக்கிற இடம் அதுதான். குளித்துவிட்டு வந்தபோது அங்கே இல்லையாம். நான் எடுத்து வைத்திருப்பேன் என்று நினைத்தாளாம். ஆளுக்காள் ஓடித் திரிந்ததில் நாங்களும் கவனிக்கவில்லை. ஜன்னல் விளிம்பு துடைத்துவிட்டது போல வெறுமையாக இருந்தது. அப்படி ஒரு இடத்தைத் துடைக்கக்கூடிய ஆள் இந்த வீட்டில் ஒருவர்தான்.

"இஞ்சேருங்கோ! பிள்ளையின்ர கருவியை எடுத்தனீங்களா?"

அவருடைய முகம் மாறினதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"பாதுகாப்பா வைச்சனான்" என்றார்.

"எங்க?"

"விழுந்திடும் எண்டு... பாதுகாப்பா..."

"பாதுகாப்பு எண்டு ஒரு ஊர் இல்லை! எந்தப் பெட்டி?"

மனிசனுக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து நூறு சின்னச் சாமானை நூறு ஓட்டைக்குள் அடைத்தவருக்கு எப்படித் தெரியும்? தலையைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்துவிட்டார். கப்பலில் போகிற பெட்டி இரண்டு மாதம் கழித்துத்தான் வரும். புதுக் கருவி என்றால் அவளுடைய காதுக்கென்று அச்சு எடுத்து வார்க்கவேணும், அது வெள்ளிக்கிழமைக்குள் நடக்கிற காரியமா? புது நாட்டில், புது வகுப்பில், ஒரு சத்தமும் இல்லாமல் என்ர பிள்ளை மற்றவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டி வரும். இவ்வளவு பாடுபட்டு வந்த சொற்கள் திரும்பிப் போய்விடுமோ என்றும் பயமாக இருந்தது. "ஐயோ மாதாவே" என்று கத்திவிட்டேன். பிறகு மாதாவை விட்டுவிட்டு மனிசனை ஏசிப் பேசத் தொடங்கினேன். நல்ல பேச்சு. அடுத்த வீட்டு ஆக்கள் வெளியே வந்து பார்க்கிற அளவுக்குப் பேச்சு.

நானாதான் குறுக்கே வந்தார். "தங்கச்சி, உங்கட சேரைப் பேசி என்ன வரப்போகுது? ஆறு பெட்டியையும் கழற்றி, தேடி, திரும்ப அடிக்கிறதெண்டால் இருட்டிப் போகும். இருட்டினால் தம்பலகாமத்தால லொறி கொண்டுபோக ஏலாது, றோட்டில யானை நிக்கும். நாளைக்குக் கப்பலுக்குப் பெட்டி குடுக்கவேணும். ஒரு பெட்டி எண்டால் இப்ப கழற்றித் தாறன். எது எண்டு சொல்லுங்க."

எது என்று எப்படிச் சொல்வது?

மகள் என்ர சட்டையைப் பிடித்து இழுத்தாள். கண் நிறையத் தண்ணீர். கருவி இல்லாவிட்டாலும் அவள் கதைப்பாள், சொற்கள் கொஞ்சம் கரைந்து வரும், அவ்வளவுதான்.

"அம்மா, என்னைப் பேச வேண்டாம். நான் கதவு திறக்கேல்ல."

கருவியில் பற்றரிக்கு ஒரு சின்னக் கதவு இருக்கும். கழற்றினால் அதைத் திறந்து வைக்கவேணும், அப்போதுதான் நிற்கும். திறக்காமல் எங்கேயாவது மூடி வைத்தால் தன்பாட்டில் 'கீ' என்று விசிலடித்துக்கொண்டே கிடக்கும். அந்தச் சத்தம் அவளுக்குக் கேளாது. எனக்குப் பல்லுக்குள் ஊசி குத்தின மாதிரி இருக்கும். அதற்காக நான் அவளைப் பேசாத நாள் இல்லை. ஒவ்வொரு நாளும் குளிக்கப் போகும்போது, "கதவைத் திறந்தனியா? கதவைத் திறந்தனியா?" இன்றைக்கும் அதைத்தான் கேட்கப்போகிறேன் என்று பிள்ளை பயந்து நடுங்கியது.

நான் அவளைத் தூக்கி முகம் முழுக்கக் கொஞ்சினேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நானா, லொறி எஞ்சினை நிப்பாட்டுங்கோ! அக்கா, அந்த ரேடியோவை ஒருக்கால் மூடுங்கோ! ஒருத்தரும் கதைக்காதேங்கோ!"

லொறிச் சத்தம் நின்றது. அடுத்த வீட்டு அக்கா ரேடியோவை மூடிவிட்டு, ஏன் என்று கேட்காமல் மதிலோடு நின்றா. மனிசன் ஓடிவந்து முதல் பெட்டியில் காதை வைத்தார். நான் அவரைப் பிடித்து விலக்கினேன். எஞ்சின் அறையில் வேலை செய்து செய்து மெல்லிய சத்தம் ஒன்றும் அந்தக் காதில் ஏறாது. அந்த விசில் அவருக்கு வீட்டில் ஒரு நாளும் கேட்டதில்லை. "எனக்குக் கேக்கேல்லையே" என்று சொல்லிச் சொல்லியே என்ர கோபத்தைக் கூட்டுகிற ஆள் அவர்.

நான் முழங்காலில் நின்று ஒவ்வொரு பெட்டியாகக் காதை வைத்தேன். முதல் பெட்டியில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் என்ர நெஞ்சு அடிக்கிற சத்தம் மட்டும். மூன்றாவதிலும் ஒன்றுமில்லை. துறைமுகப் பக்கம் ஏதோ படகு போனது, அது போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நாலாவது, குசினிச் சாமான் பெட்டி. பலகையில் காதை அழுத்தினேன். தூரத்தில் பறக்கிற ஒரு நுளம்பு போல, மெல்லிசாக, கீ...

"இதுதான்! இதுதான் நானா!"

நானாவும் குனிந்து கேட்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அலவாங்குக் கம்பியை எடுத்து, ஆணி அடித்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் கழற்றினார். கடதாசியை அள்ளி எறிந்தேன். சத்தம் கூடிக்கொண்டே வந்தது. பிரஷர் குக்கர். மூடியைத் திருப்பினேன். உள்ளே ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் மனிசனின் வெள்ளை மேசு, மேசுக்குள் கருவி. வெளியே எடுத்ததும் முற்றமே கேட்கிற மாதிரிக் கத்தியது. போன உயிர் திரும்பி வந்தது.

"அடுப்பில்லாம விசிலடிக்கிற குக்கரை இண்டைக்குத்தான் பார்த்தன்" என்றார் நானா. அடுத்த வீட்டு அக்கா மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. மனிசன் மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையின் காலடியில் குந்தி, கையிரண்டாலும் கண்ணைத் துடைத்தார். எனக்கு அவரைப் பேச இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, ஆனால் விட்டுவிட்டேன்.

கருவியைத் துடைத்து அவள் காதில் போட்டுவிட்டேன். அவள் முகம் வழக்கம்போலத் திறந்தது. எல்லாரும் சேர்ந்து எதைத் தேடினோம் என்று கேட்டாள். உன்ர கருவி விசிலடித்தது, அதைக் கேட்டுத்தான் கண்டுபிடித்தோம் என்றேன்.

"அது எப்பிடி இருக்கும்?"

அவளுக்குத் தெரியாது. மூன்று வருடமாகப் பேச்சு வாங்கின சத்தம், அது எப்படி இருக்கும் என்று ஒருவரும் அவளுக்குச் சொன்னதில்லை. நான் வாயைக் குவித்து, என்னால் ஏலுமான மெல்லிய குரலில், "கீ..." என்றேன்.

தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டாள். திரும்பச் செய்யச் சொன்னாள். செய்தேன்.

"வடிவா இருக்கு" என்றாள்.

நானா பெட்டிக்குத் திரும்ப ஆணி அடிக்கத் தொடங்கினார். அவள் என் மடியில் இருந்தபடி, ஒவ்வொரு அடிக்கும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, தன் வாயால் மெதுவாக விசிலடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.